துண்டும் சோப்பும்

"பெண்கள் கழிப்பறையில தாழ்ப்பாள் ஒழுங்கா விழ மாட்டேங்குது. இதையெல்லாம் யாரும் பாக்கறதே இல்லையா?"

நூலகத்தின் கதவைத் திறந்து விளக்குகூடப் போட்டு முடியவில்லை, அதற்குள் புகார் அம்மா ஆரம்பித்துவிட்டார். மடிப்புக் கலையாத உடை, இறுக்கி முடிந்த கொண்டை, தோளில் கனமான பை. நேற்று, செல்போனுக்குச் சார்ஜ் போடுகிற இடம் வேலை செய்யவில்லை என்று ஒரு பாட்டம். போன வாரம், ஞாயிற்றுக்கிழமை எதற்கு மூடுகிறீர்கள் என்று ஒரு பாட்டம். பெரிய வீட்டு மனுஷி, குறை சொல்லாவிட்டால் பொழுது போகாது என்று நூலகர் அந்த அம்மாவைப் பற்றி மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

"இன்னைக்கே சரி பண்ணிடறேம்மா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளுக்கு இன்றைக்கு வேறு கவலை. வீடு வாசல் இல்லாதவர்கள் பகலெல்லாம் இங்கே வாசிப்பு அறையில்தான் ஒதுங்குகிறார்கள். அவர்கள் குளிப்பதற்காக, பின்பக்கம் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த இரண்டு குளியலறைகளை மேலதிகாரியிடம் மன்றாடி ஒழித்து வாங்கியிருந்தாள். துண்டு, சோப்பு, பல் துலக்க பிரஷ் எல்லாம் போட்டு முடிச்சிட்ட துணிப்பைகளும் தயார். "வாசகர்கள்கிட்டேருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் இழுத்து மூடிடுவேன்" என்று சொல்லித்தான் அவர் அனுமதியே தந்திருந்தார்.

முதல் பையை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னலோரம் தாடிக்காரர் ஒருவர், பொத்தான் போன சட்டையும் தேய்ந்த செருப்புமாக, திறந்த புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தினமும் இதே கோலம்தான். ஆளைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தோளைத் தொட்டு எழுப்பினாள். "ஐயா, வீடு இல்லாதவங்களுக்காகப் பின்னாடி குளிக்க வசதி பண்ணியிருக்கோம். கூச்சப்படாம வாங்கிக்கோங்க."

தாடிக்காரர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாருக்கு வீடு இல்ல? எதிர்த் தெருவுல மூணு மாடி கட்டி வச்சிருக்கேன்! பேரப்பசங்க போடற ஆட்டத்துல கண்ண மூட முடியாமத்தான் இங்க வர்றேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நூலகருக்கு முகம் செத்துப்போயிற்று. நின்ற இடத்திலேயே மறைந்துவிட மாட்டோமா என்றிருந்தது.

அது போதாதென்று புகார் அம்மா வேறு எழுந்து வந்தார். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? இத்தனை பேர் பாக்கறப்பவா நீட்டறது?"

"தப்புதாம்மா. அவரைத் தப்பா நினைச்சுட்டேன்."

"அவரை விடு, அவருக்கு மூணு மாடி இருக்கு. நிஜமாவே வீடு இல்லாதவங்களா இருந்திருந்தா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குவாங்க?"

அந்த அம்மாவுக்குக் குரல் நடுங்கியது. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

நேரே மேலதிகாரியிடம்தான் போவார் என்று நூலகர் பயந்தாள். அதைவிட, அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் சுருக்கென்று தைத்தது. கொடுக்கிற ஜம்பத்தில் வாங்குகிறவர் முகத்தை நினைத்தே பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மாலைக்குள் பைகளையெல்லாம் எடுத்துப்போய் இரண்டு குளியலறை அலமாரிகளிலும் அடுக்கினாள். 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினாள். கழிப்பறைத் தாழ்ப்பாளையும் தானே முடுக்கினாள்.

மறுநாள் காலை மேலதிகாரியின் போன் எப்போது வரும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்து பின்பக்கம் போன புகார் அம்மாதான் மேசைக்கு வந்தார்.

நூலகர் பதறி எழுந்தாள். "நேத்து நடந்ததுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா. மேலிடத்துல மட்டும் புகார் பண்ணிடாதீங்க. பாவம், அவங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது."

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமான கொண்டையைக் காணோம். சிக்கெடுக்காத ஈரமுடியிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்கிட்டதாம்மா புகார்," என்றார், மேசையைப் பார்த்தபடி, குரல் எழும்பாமல். "பையில சீப்பு வைக்கலியே."