மூன்றாவது மெஷின்

"கலந்துட்டான். நிச்சயமா ஏதோ கலந்துட்டான்!" அண்ணன் மேஜையைத் தட்டினான். "ரெண்டு வருஷமா நல்லவன் மாதிரி பழகினதே இதுக்குத்தான்."

தங்கை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு நீண்ட எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. முதல் நான்கு இலக்கத்திலேயே இரண்டும் வேறு வேறு.

லட்சக்கணக்கானோர் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஓர் இயங்குதளத்துக்குக் கம்பைலரைப் பேக்கேஜ் செய்து கொடுப்பது அவள் பொறுப்பு. மற்ற புரோகிராம்களையெல்லாம் உருவாக்கும் புரோகிராம் அது. அதில் விஷம் இருந்தால், அது பெற்றுப்போடும் அத்தனையிலும் விஷம்.

அதனால் ஒரு கட்டுப்பாடு. அதே மூலநிரலை அவள் தன் லேப்டாப்பில் பில்டு செய்வாள், அதாவது ஓடும் புரோகிராமாக மாற்றுவாள். 'எறும்பு' என்கிற, அவள் நேரில் பார்த்தேயிராத தன்னார்வலன் தன் வீட்டில் செய்வான். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை எண், இரண்டிலும் அச்சாகப் பொருந்தினால்தான் அவள் கையெழுத்திட்டு வெளியிடுவாள்.

இன்று பொருந்தவில்லை. பகல் பன்னிரண்டுக்குப் புதிய பதிப்பின் கதவு மூடுகிறது. மணி பதினொன்று நாற்பது.

ஸ்பீக்கர் போனில் எறும்பின் குரல் கரகரத்தது. "அக்கா, நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலக்கா. மூணு தடவை பண்ணிட்டேன், அதே எண்தான் வருது."

"மாட்டிக்கிட்டவன் வேற எப்படிப் பேசுவான்?" என்றான் அண்ணன். "இவன் பேரை அடிச்சுட்டு உன்னுதை ஏத்தும்மா. நேரம் போகுது."

அண்ணனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. போன வாரம் அவள் லேப்டாப் படுத்துக்கொண்டபோது, லீவு போட்டு வந்து புது டிஸ்க் மாட்டி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்தவனே அவன்தான்.

"இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்குண்ணா." அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "காலையில இதுல இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு, நானே எல்லாத்தையும் புதுசா ஏத்தி, இதுலயும் பில்டு போட்டேன். தொண்ணூத்தாறு சதவீதம் ஆயிடுச்சு."

"இந்தக் கிழத்துலயா? இது முடியறதுக்குள்ள நமக்கு நரைச்சுடும்!" சலித்துக்கொண்டே எழுந்த அண்ணனின் கால் ஒயரில் சிக்கியது. அவள் பாய்ந்து பிளக்கை அழுத்திப் பிடித்தாள்.

"பார்த்துண்ணா! இப்பதான் உயிரை எடுப்பியா?"

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. எறும்பின் பெயரை நீக்கும் பொத்தானின் மேல் அவள் விரல் காத்திருந்தது. இரண்டு வருட உழைப்பு. ஒரே அழுத்தலில் அவனுக்குத் துரோகிப் பட்டம்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. மூன்றாவது எண் வந்தது. அவள் அதை ஒவ்வோர் இலக்கமாக, உதடு அசையப் படித்தாள்.

"என்னம்மா, பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்புறம் என்ன? அந்தப் பயல் பேரை எடுத்துடு!"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டாள்.

"எறும்போட எண்ணோடதான் பொருந்துது, என்னுதோட இல்ல. போன வாரம் என் லேப்டாப்ல என்னண்ணா கலந்தே?"