கை படாத மேடு

போலந்தின் ஒரு பழைய மண்கோட்டை அருகே, ஏழாம் சவமேட்டை டிவிக்காரர்கள் முன்னிலையில் தோண்டிக்கொண்டிருந்தார் பேராசிரியர் லூபோமிர்.

"ஆயிரம் வருஷமா மனுஷன் கை படாத மேடு. உள்ளே இளவரசன் படுத்திருக்கான்" என்றார். இளவரசன் கிடைத்தால் அருங்காட்சியகம் வரும். அதன் தலைவர் நாற்காலி அவருக்கு.

குழிக்குள்ளிருந்து ஹலினா தலையை நீட்டினாள். முப்பது வருடமாக அங்கே மண் வெட்டுகிறவள்.

"ஐயா, இளவரசன் வோட்கா குடிப்பானா?"

அவள் கையில் ஒரு காலி பாட்டில். உள்ளே காகிதம். தோண்டிய குழியை மூடும்போது, அடுத்து வருபவருக்கு இப்படி எழுதி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம்.

பேராசிரியர் முகம் சிவந்தது. "எந்தக் கழுதை இது? தோண்டினவன் அறிக்கை எழுத வேண்டாமா? ஆவணக் காப்பகத்துல ஒரு வரி கிடையாது. கேமராவைப் பார்த்துப் படி ஹலினா. நாடே காறித் துப்பட்டும்."

ஹலினா படித்தாள். "'ஜூலை 1983. அடிவரை தோண்டியாயிற்று. ஒன்றுமில்லை. இந்தப் பாட்டிலை நானே காலி செய்துவிட்டேன். அறிக்கையை நாளைக்கு எழுதுகிறேன்.'"

"பேரு?"

"அது எதுக்குங்க ஐயா, பாவம்."

"படின்னா படி."

"'லூபோமிர், இறுதியாண்டு மாணவன்.'"