நாலாம் குவியல்

“நாலாம் குவியல எரிக்காதீங்க. அந்த மண்ண எனக்குக் குடுத்துடுங்க.”

காரில் வரும்போதே பேராசிரியர் அவுலிஸ் எச்சரித்திருந்தார். அடுத்த வருடத்துக்கு நிதி கேள், ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் கேள், மண்ணை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே.

கேட்டுவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஹெய்மோ. மர அறுவைக் கம்பெனியின் சுற்றுச்சூழல் பொறுப்பாளர். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. எங்கள் ஃபின்லாந்தில் கூட்டத்தில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள்; சங்கடம் வந்தால் காபி ஊற்றிக்கொள்வார்கள். அவரும் அவுலிஸும் ஊற்றிக்கொண்டார்கள்.

நான் என் டப்பாவைத் திறந்து, அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை உப்பில் தொட்டுக் கடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

அந்தக் கம்பெனியின் ஏரிக்கரை மில்லை மூடி வெகுநாளாகிவிட்டது. அது ஓடிய காலத்தில், அறுத்த பைன் பலகை கப்பலேறுவதற்குள் நீலம் பாய்ந்துவிடும். ஒரு பூஞ்சையின் வேலை. அதைக் கொல்ல மருந்துத் தொட்டி கட்டினார்கள். பலகையை முக்கியெடுத்துச் சொட்டச் சொட்ட அடுக்கினார்கள்.

சொட்டியதெல்லாம் மண்ணுக்குள் போனது. வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் போனது. இங்கே எதுவும் விதைக்கக் கூடாது, கிணற்றில் இறைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பல வருடம் கழித்து அந்த மண்ணைத் தோண்டி, ஒவ்வொரு நிலத்து மண்ணும் தனித்தனிக் குவியலாக, எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் கொட்டினார்கள்.

நான் அதில் வெண்ணழுகல் பூஞ்சையை விட்டேன். காட்டில் விழுந்த பிர்ச் மரத்தை வெளிறிப் பஞ்சாக்கிவிடுகிறதே, அதுதான். மரத்தை மரமாக இறுக்கி வைத்திருப்பது லிக்னின். அதை இவ்வளவு முழுசாக உடைக்கத் தெரிந்த உயிர் வேறு இல்லை. அது விடும் நொதிக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. லிக்னினின் மூலக்கூறு வளையம் போல எது எதிர்ப்பட்டாலும் உடைக்கும். தொட்டி மருந்தும் அப்படிப்பட்ட வளையம்தான்.

பூஞ்சையைக் கொல்லச் செய்த மருந்தைப் பூஞ்சை தின்றது. இதைச் சொல்லும்போதெல்லாம், நானே தின்றதுபோல் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சும்மா தின்னவில்லை. முதல் கோடையில் அவுலிஸ், பாவம், ஆசையாகக் குவியல்களுக்கு உரம் போடச் சொன்னார். பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்தது. மருந்து அப்படியே கிடந்தது. நான் விட்ட இனம் சத்துக்குப் பஞ்சம் வந்தால்தான் உடைக்க இறங்கும். புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் எழுதிய புத்தகத்தில்.

நாலாம் குவியலுக்கு மட்டும் நான் உரம் போடவில்லை. பைன் பட்டைத் தூள், தண்ணீர், அவ்வளவுதான். சோதனைக் கருவிக்கே தெரியாத அளவுக்கு மருந்து குறைந்தது அங்கே மட்டும்தான்.

இருந்தும் நாலு குவியலும் திங்கட்கிழமை உலைக்குப் போகின்றன. ஒன்று சுத்தம் என்று சொல்ல எவருக்கும் தைரியமில்லை.

ஹெய்மோ ரொட்டித் துகளைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

“மண்ணு கேக்குறியே பொண்ணு, அதுல விளையறத நீ வாயில வைப்பியா?”

டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“போன வருஷம் அதுல விளைஞ்சதுதான். எடுத்துக்கோங்க, உப்பு இருக்கு.”

அவுலிஸின் கோப்பை தட்டில் இடித்தது. தோலையும் சதையையும் தனித்தனியே இரண்டு ஆய்வகங்களில் சோதித்து, ஒன்றுமில்லை என்று வந்த முடிவை அவருக்குக் காட்டியிருந்தேன். மிச்சக் கிழங்கு குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் கிழங்கைக் குப்பையில் போடும் வழக்கமில்லை.

ஹெய்மோ எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தணிந்து பேசினார். சட்டம் தடுக்கவில்லைதான். ஆனால் எந்த நிலத்தில் தோண்டினோமோ அந்த நிலத்துக்காரர் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால்தான் அங்கே திரும்பக் கொட்ட முடியும். அப்படி ஒரு பைத்தியத்தை எங்கே போய்த் தேடுவாய் என்றார்.

“தேட வேணாம். கீழதான் உக்காந்திருக்காங்க.”

டப்பாவை மூடினேன். அவுலிஸ் வாசல்வரை பின்னாலேயே வந்து, இப்படிப் போனால் அடுத்த வருடம் நம் ஆய்வகத்தில் உனக்கு இடம் இருக்காது வெர்னா என்று மெதுவாகச் சொன்னார். மிரட்டவில்லை, நிஜமாகவே வருந்தினார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அந்த இடத்தின் மதிப்பை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படியிறங்கினேன்.

காலையிலேயே நான் நாலாம் குவியலை ஏற்றி வைத்த லாரி வாசலில் நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அம்மா. ஏரிக்கரையில், அந்த மண்ணைத் தோண்டியெடுத்த சொந்தத் தோட்டத்தை வைத்துக்கொண்டு, கடைக்கிழங்கு வாங்கி என்னை வளர்த்தவள். மடியில் முளைவிட்ட விதைக்கிழங்குத் தட்டு.

கொடுத்தார்களா என்று அவள் கேட்கவில்லை. முளை முறியாமல் தட்டைத் தூக்கிப் பிடித்து, எனக்கு இடம் விட்டாள்.