மப்ரூக்கின் பங்கு

ஓமான் நாட்டுச் சலாலாவில் மாயாண்டி வேலைபார்த்த தோப்பில், தினமும் விடிவதற்குள் எல்லாத் தென்னைக்கும் தண்ணீர் பாய்ந்திருக்கும். யார் பாய்ச்சுவது என்று கேட்டதற்கு முதலாளி சலீம், "மப்ரூக்" என்றார். மப்ரூக் அவருடைய அடிமை. அந்தக் கிணற்றை வெட்டியவன். இறந்து நாற்பது வருடமாகிறது.

2004இல் சலீமும் இறந்தார். பிள்ளைகள் தோப்பைப் பங்கு பிரித்தார்கள். "மப்ரூக்குக்குப் பங்கு மாஃபி, இல்லை என்றால் எனக்கும் மாஃபி" என்று மூத்த மகள் நூரா தம்பிகளிடம் உறுதியாக நின்றாள். கிணற்றடியில் பன்னிரண்டு மரங்களை அவன் பெயரில் ஒதுக்கினார்கள்.

மறுநாள் விடிந்தபோது தோப்பு முழுக்கக் காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு பாத்திகளில் மட்டும் தண்ணீர் நின்றது.

"அப்படிப் போடுங்கண்ணே!" என்றான் மாயாண்டி, கிணற்றைப் பார்த்து.

கிணற்று மேட்டில், அப்போதுதான் வெட்டிக் குடித்த இளநீர்க் கூடு ஒன்று கிடந்தது.