கறுப்பு நூல்

என் மனுசன் கறுப்பு நூலைக் கேட்டு வாங்கியதைக் கண்டதும் எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

ஆக்லாந்தின் ஒடாஹுஹு மண்டபத்தில் அன்று ஆபிரிக்க ஆட்களின் வரலாற்று நாள். சுவர் நீளத்துக்கு ஒரு துணி தொங்கியது, அதில் உலகப்படம் தைத்திருந்தது. வருகிறவர்கள் தங்கள் ஆட்கள் புறப்பட்ட இடத்தில் குண்டூசி குத்தி, அங்கிருந்து ஆக்லாந்து வரைக்கும் நூல் இழுக்க வேண்டும். தாங்களாக வந்தவர்களுக்கு மஞ்சள். அடிமையாய்ப் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குக் கறுப்பு.

மேசைக்குப் பின்னால் நின்று நூல் வெட்டிக் கொடுத்தவ ஃபராயின் தாய். ஃபராய், என் மகள் நிருஜா கட்டினால் இவரைத்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிற சிம்பாப்வேப் பெடியன்.

மகனுக்குப் பெண் கேட்டிருந்த அவவுக்குப் பதில் சொல்லத்தான் நாங்கள் கிளென்ஃபீல்டில் இருந்து பாலம் தாண்டி வந்திருந்தோம். மாட்டோம் என்கிற பதில். அதை இங்கிலீஷில் மூன்று வசனமாக்கி, காரில் வரும்போதே பாடமாக்கி வைத்திருந்தேன். மரியாதையான வசனங்கள்தான்.

வீட்டில் நான் கதைத்தது அவ்வளவு மரியாதை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் நிருஜா வந்து விஷயத்தைச் சொன்ன அன்று, ஒரு காப்பிலிக்குக் குடுக்கவோ உன்னைப் பெத்து வளர்த்தனான் என்று கேட்டேன். கறுப்பு ஆட்களை ஊரில் கேவலமாய்ச் சொல்கிற சொல் அது. பிறக்கப்போகிற பிள்ளையின் முடியை யார் சீவுவது என்றும் கேட்டேன். அவள் அழுதுகொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மனுசன் குளியலறையில் தலையை மழித்துக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குழாயை மூடினார். எல்லாம் கேட்டிருக்கும். பிறகு மிச்சத் தலையையும் மழித்து முடித்தார்.

அவர் எப்போதும் அப்படித்தான். வாயையும் திறக்க மாட்டார், தலையில் முடியையும் வளர விட மாட்டார். இரண்டு நாளைக்கு ஒருதரம் மழிப்பு. கலியாணம் கட்டி முப்பது வருசமாகிறது, அந்தத் தலையில் நான் முடி கண்டது கிடையாது. வழுக்கைக்கு இதுதான் வடிவு என்பார்.

நான் கரவெட்டி, அவர் திருகோணமலை. கலியாணம் கொழும்பில், சண்டைக் காலத்தில் நடந்தது. ஊருக்கு ஆளனுப்பி விசாரிக்க வழியில்லை. மாப்பிள்ளை மகேசனுக்கு நியூசிலாந்து விசா இருக்கிறது, அது போதும் என்று அப்பா விட்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ, எங்களுக்கு மஞ்சள்" என்று நூல் மேசையடியில் அவருடைய கையைப் பிடித்தேன்.

மனுசனுக்குக் கண் மங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பொம்பிளைக்கு முன்னால் இந்தக் கூத்து வேறு.

அவர் என் கையை மெல்ல விலக்கினார். மஞ்சளையும் ஒரு துண்டு வாங்கினார். ஆக்லாந்தில் ஓர் ஊசி, திருகோணமலையில் ஓர் ஊசி. இரண்டுக்கும் நடுவே மஞ்சள் நூலை இழுத்துக் கட்டினார். சரி, முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

முடியவில்லை.

திருகோணமலை ஊசியில் கறுப்பு நூலைச் சுற்றினார். கடலுக்கு மேலால் இழுத்துக்கொண்டு போனார். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில், மொசாம்பிக் என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார். குத்தின ஊசி துணிக்குள் சரியாய் இறங்கவில்லை. ஃபராயின் தாய் தன் பெருவிரலால் அதை அழுத்திக் கொடுத்தா.

கறுப்பு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தார்கள். யாருடைய பெயர் எழுத என்று அவ பேனாவோடு கேட்டா.

மனுசன் அவவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்ர அப்பம்மா. அவவின்ர ஆக்களைக் கப்பலில கொண்டுவந்து இறக்கினவையாம். பேரை அப்பா கடைசிவரை சொல்லேல்லை. ஊரில காப்பிலிச்சி எண்டுதான் கூப்பிட்டவை."

அந்தச் சொல்லை என் வாயால் கேட்ட பிறகும் மூன்று மாதம் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். என் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்கிறார். முப்பது வருசமும் இந்தப் பயத்தோடு என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறார்.

எங்களுக்கு முதலே வந்திருந்த நிருஜா சனத்துக்குள் நின்று தகப்பனையே பார்த்தாள். அன்றைக்கு அவள் முடியைச் சூடு வைத்து நேராக்கவில்லை, அப்படியே விட்டிருந்தாள். அந்தச் சுருளுக்குள் சின்ன வயதில் சீப்பு இறங்காது. சனிக்கிழமை தோறும் முன்னால் இருத்தி, நல்லெண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இது யாருடைய முடியடி என்று ஏசி ஏசிச் சீவுவேன். எத்தனை சீப்புக்குப் பல் போனது.

யார் சீவுவது என்று கேட்டேனே. நான்தான் சீவினேன்.

பெயர் தெரியாவிட்டால் வெறுமையாய் விடலாம், பலர் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள் என்று ஃபராயின் தாய் மெதுவாகச் சொன்னா. அவவிடம் சொல்ல வந்த மூன்று வசனத்தில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

பேனாவை நான் வாங்கினேன்.

நிருஜாவின் பூட்டி என்று தமிழில் எழுதினேன். அட்டையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நிருஜாவுக்குப் பக்கத்தில் ஃபராயின் பெயரையும் சேர்த்தேன். அதை மட்டும், அவனுடைய தாய் வாசிக்கட்டும் என்று இங்கிலீஷில் எழுதினேன்.