அழிக்காத நாலு வரி

“அம்மா தாயே, நம்ம புரோகிராம்ல இந்த நாலு வரியை இன்னிக்காவது எடுத்துடலாமா?”

கெஞ்சியவன் சோடாபுட்டி. அவன் கண்ணாடியைப் பார்த்து அலுவலகமே வைத்த பெயர் அது.

“கை வெச்சே, தொலைச்சுடுவேன்!” என்றாள் குழுத் தலைவி.

அவர்களுடைய மென்பொருளை யார் எந்தக் கம்ப்யூட்டரில் பில்ட் செய்தாலும், அதாவது எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றினாலும், அங்கே அந்த மாற்றத்தைச் செய்யும் சி கம்பைலர் எது என்று அது முதலில் கண்டுபிடிக்கும். பிறகுதான் வேலையைத் தொடங்கும். அந்த நாலு வரி, ஊர் உலகமே தலைமுழுகிவிட்ட ஒரு பழைய கம்பைலருக்காக.

“அதை இப்போ யாரு வெச்சிருக்கா?”

“அவர் வெச்சிருக்கார்.”

அவர் என்றால், முன்பு அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அவள் கல்யாணப் பேச்சு எடுத்த சமயத்தில் ‘வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். போன் இல்லை, பேச்சு இல்லை. புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம் அந்தக் கம்பைலரிலிருந்து ஒரு ரிப்போர்ட் மட்டும் தவறாமல் வரும். பெயர் இருக்காது. ‘பில்ட் சரி’ என்று ஒரே வரி. அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“வேற யாராவது அனுப்பலாமில்ல?”

“அந்தக் கம்பைலரைக் கட்டிக்கிட்டு அழ வேற யாருக்குடா பொறுமை இருக்கு?”

அவளே தொடர்ந்தாள். “சரி, இன்னிக்கு ரிலீஸ். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நானே அழிச்சிடறேன். அந்த ஆளையும் மறந்துடறேன். போதுமா?”

என்றைக்காவது அவள் தன் பக்கம் திரும்புவாள் என்றுதானே சோடாபுட்டியும் காத்துக் கிடக்கிறான்!

மதியம் வெளியிட்டார்கள். ரிப்போர்ட்டுகள் வந்து குவிந்தன. அது மட்டும் வரவில்லை.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, “கிளம்பலியா?” என்றான்.

“நீ போடா. இன்னும் வெளிச்சம் இருக்கில்ல?” என்று மூக்கை உறிஞ்சினாள். கண் திரையிலேயே இருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தான். சட்டையைக்கூட மாற்றவில்லை. அவள் மூக்கை உறிஞ்சியது காதிலேயே நின்றது.

‘நான் திரும்பி வரமாட்டேன், அவகிட்ட சொல்லிடாதே’ என்று அந்த ஆள் கிளம்பும்போது இவன் தலையில் கட்டிவிட்டுப் போன, அந்தக் கம்பைலர் உள்ள பழைய கம்ப்யூட்டர் மூலையில் இருந்தது.

“போடா பைத்தியக்காரா” என்று தன்னையே திட்டிக்கொண்டு, எப்போதும்போல் அதில் பில்ட்டை ஓடவிட்டான்.