மூச்சை இழுத்துப் பிடிங்க

"ஐயய்யோ! என்னம்மா இது, வயித்துல ஐஸைக் கொட்டுற?"

ஆம்புலன்ஸ் டிரைவர் கட்டிலில் நெளிந்தார். திரையில் தெரிந்த படம் கலைந்துபோனது.

"சாரிண்ணே."

அவள் ஜெல்லைத் துடைத்துவிட்டு, ஸ்கேன் கருவியை மறுபடி அவர் விலாவோரம் வைத்தாள். படம் பிடிபட்டது. உடனே டிரைவர் இருமினார். போயிற்று.

சுற்றி நின்ற சக மாணவர்கள் சிரித்தார்கள்.

இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்கு அவசர சிகிச்சை ஸ்கேன் பயிற்சி. அடிபட்டு வருகிறவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று, கட்டிலருகே சின்ன மெஷினை வைத்துக்கொண்டு நாலு இடத்தில் பார்க்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்குள். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே? வண்டிக்கு வேலை இல்லாத நேரத்தில் டிரைவர்தான் வந்து படுத்துக்கொள்வார்.

மற்றவர்கள் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் சமர்த்தாகப் பிடிப்பார். ஈரல் கொஞ்சம் கீழே இறங்கி வரும். படம் பளிச்சென்று விழும். வகுப்பில் 'மின்னல்' என்று பெயரெடுத்தவன் ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

அவள் முறை வந்தால் மட்டும் டிரைவருக்கு இருமல், விக்கல், இடுப்புப் பிடிப்பு எல்லாம் வந்துவிடும்.

நேரம் குறித்துக்கொண்டிருந்த அவளுடைய அறைத்தோழி பல்லைக் கடித்தாள். "ஆறு நிமிஷம் பத்து செகண்ட், மேடம்."

பயிற்சி தரும் மேடம் பக்கத்துக் கட்டிலில் வேறொரு குழுவோடு இருந்தார். திரும்பாமலே கேட்டார். "இன்னைக்கும் ஆறா? உள்ள ரத்தம் கொட்டுற ஆளு அதுவரைக்கும் காத்திருப்பாரா? வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அன்னைக்கும் மூணுக்குள்ள வரலன்னா எமர்ஜென்சி வார்டு கிடையாது. அடுத்த பேட்ச்சோட வந்து உட்காரு."

"சரி, மேடம்."

"நத்தை, வழி விடு" என்றான் மின்னல்.

கேன்டீனில் அறைத்தோழி பொரிந்து தள்ளினாள். "அந்த ஆளுக்கு உன்மேல என்னடி கோபம்? எங்களுக்கெல்லாம் பிடிச்சு வச்ச பிள்ளையார். உனக்கு மட்டும் கரையில போட்ட மீனா?"

"விடுடி."

"எப்படி விடுறது? மேடம்கிட்ட சொல்லத்தான் போறேன்."

"சொல்லாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அடுத்த பேட்ச்சுன்னா ஆறு மாசம். உங்க வீட்டுல முதல் டாக்டர் நீ. அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவ?"

அவள் நகத்தைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. வகுப்பு தொடங்குமுன்பே டிரைவரின் வண்டி அலறிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை உள்ளே நிஜ நோயாளி. ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர். கையெல்லாம் நீல வண்ணம். வலியில் துடித்துக்கொண்டிருந்தார்.

மேடம் அவர் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். "இந்தக் கையை நான் விட முடியாது. யாராவது ஸ்கேன் பாருங்க. சீக்கிரம்!"

மின்னல் முந்திக்கொண்டான். "மூச்சை இழுத்துப் பிடிங்க, சார்."

"உசுரு போகுதுங்கிறேன், மூச்சைப் பிடிக்கணுமா?" பெயின்டர் புரண்டார்.

"சார், அசையாதீங்க... கொஞ்சம்... மேடம், கிடைக்கல."

"அடுத்து யாரு?"

அவள் முன்னே வந்தாள். இடுப்பைக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"கத்துங்கண்ணே, பரவாயில்ல. நான் உங்க கூடவே வர்றேன்."

அவர் புரண்டார். அவள் கையும் கூடவே புரண்டது. கத்தி முடித்து அவர் மூச்சை இழுக்கும் அந்த ஒரு நொடிக்குக் காத்திருந்தாள்.

"மேடம், ஈரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல கறுப்பா ஒரு கோடு."

மேடம் எட்டித் திரையைப் பார்த்தார். "ரத்தம்தான். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க. ஓடுங்க!"

அறைத்தோழி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்குத் தியேட்டரிலிருந்து செய்தி வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். எமர்ஜென்சி வார்டு பட்டியலில் மேடம் முதலில் எழுதியது அவள் பெயரைத்தான்.

அறைத்தோழிக்கு இன்னும் ஆறவில்லை. நேராக வண்டி நிற்கும் இடத்துக்குப் போனாள். டிரைவர் ஸ்ட்ரெச்சரில் ஒட்டிய நீல வண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பார்த்தீங்களாண்ணே? அவளைக் கவுக்கப் பார்த்தீங்களே, முடிஞ்சுதா?"

டிரைவர் துணியைப் பிழிந்தார். "எனக்கே பாவமாத்தான்மா இருந்துச்சு. நேரம் ஏற ஏற, பேசாம ஒழுங்காப் படுத்துடலாம்னு ரெண்டு தடவை பார்த்தேன். எங்க விடுது? குனிஞ்சு, 'ம், இருமுங்க'ன்னு காதுல மிரட்டுது."

"யாரு?"

"உன் சிநேகிதிதான். முதல் வகுப்புக்கு முன்னாடியே வந்து கேட்டுச்சு: 'நீங்க வண்டியில கொண்டுவர்றவங்க யாராவது இப்படி அசையாம படுப்பாங்களாண்ணே? மத்தவங்க மார்க்ல கை வைக்காதீங்க. எனக்கு மட்டும் அவங்க மாதிரியே துடிங்க'ன்னு!"